பள்ளிக்கூடத்துச் சாம்பாரில் நம் ஊர்க் காய்: தோட்டத்திலிருந்து சத்துணவுக் கூடத்துக்கு ஒரு வழி

ஒட்டன்சத்திரம் பக்கம் இரண்டு ஏக்கரில் காய்கறி போடும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "எங்கள் ஊர் ஆரம்பப் பள்ளியில் 120 பிள்ளைகள் சத்துணவு சாப்பிடுகிறார்கள். என் தோட்டத்துத் தக்காளியும் கத்தரியும் மார்க்கெட்டுக்குப் போய், கமிஷன் கழிந்து, கடைக்கு வந்து, கடைசியில் எங்கள் பள்ளிக்கே திரும்பி வருகிறது. நேராகப் பள்ளிக்குக் கொடுக்க முடியுமா? பிள்ளைகளுக்கு விவசாயத்தைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்லித்தர முடியுமா?"

முடியும், தம்பி. இருபது வருடத்துக்கு மேல் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அடுப்படியில் நின்று பார்த்ததை வைத்துச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

சத்துணவுக்கு வரும் பொருள் எல்லாம் ஒரே வழியில் வருவதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து வருகிறது. முட்டை ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறது. இந்த இரண்டு கதவையும் நீங்கள் தட்டவேண்டாம். நெல் போடுகிறவர் கொள்முதல் நிலையத்தில் போடும் மூட்டை எந்தப் பள்ளி உலைக்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் காய்கறி, தாளிக்கும் சாமான் இவற்றுக்கு உணவூட்டு மானியம் என்று ஒரு தொகை வரும். அதை வைத்து அமைப்பாளரே வாங்கிக்கொள்கிறார். டெண்டர் கிடையாது, அன்றாடச் சில்லறைக் கொள்முதல்தான். நீங்கள் நுழையக்கூடிய வாசல் இது ஒன்றுதான். சிறிய வாசல், ஆனால் இன்றைக்கே திறந்திருக்கிறது.

எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மத்திய அரசின் அளவுகோல்படி தொடக்கப்பள்ளிப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 50 கிராம் காய்கறி, ஆறாம் வகுப்புக்கு மேல் 75 கிராம். உங்கள் பள்ளியில் 120 பிள்ளைகள் என்றால் நாளைக்கு 6 கிலோ, வாரத்துக்கு 30 கிலோ. வருடத்தில் பள்ளி நடக்கும் நாள் 215 என்று வைத்தால் சுமார் 1,300 கிலோ. கத்தரி நன்றாக வந்தால் ஏக்கருக்கு 10 டன் எடுக்கிறோம். அப்படிப் பார்த்தால் உங்கள் பள்ளி மொத்தமும் பதினைந்து, இருபது சென்ட் நிலத்தில் அடங்கிவிடும். இதை முதலிலேயே சொல்வதற்குக் காரணம், பள்ளியை நம்பி இரண்டு ஏக்கரையும் மாற்றிவிடாதீர்கள் என்பதற்காகத்தான். ஒரு பள்ளிக்கு ஒரு விவசாயி என்ற ஏற்பாடு இரண்டு பேருக்குமே ஆகாது. உங்கள் வயலில் வெள்ளை ஈ விழுந்தால் அங்கே சாம்பாரில் காய் இருக்காது. நான்கைந்து விவசாயிகள் சேர்ந்து, பக்கத்து ஊர்களையும் சேர்த்து எட்டுப் பத்துப் பள்ளிகளுக்குக் கொடுத்தால், ஒருவருக்கு முடியாத வாரம் இன்னொருவர் தாங்குவார், டெம்போ வாடகையும் கட்டுப்படியாகும்.

இலவசமாகக் கொடுக்கிறேன் என்று மட்டும் தொடங்காதீர்கள். நல்ல மனசோடு வந்தவர்கள் பலர் இதில்தான் சறுக்கினார்கள். தக்காளி கிலோ மூன்று ரூபாய்க்குப் போகும்போது கூடை கூடையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். விலை எண்பதைத் தொட்டதும் ஆளைக் காணமுடியாது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, வயிற்றுப்பாடு. ஆனால் அடுப்புக்கு எல்லா நாளும் காய் வேண்டும்.

நம் மாநிலமே இந்தப் பாடத்தை ஒருமுறை படித்திருக்கிறது. 1920இல் சென்னை மாநகராட்சி, தியாகராயச் செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவைத் தொடங்கியது. 1956இல் எட்டயபுரத்தில் காமராஜர் தொடங்கிவைத்த திட்டத்தில் அரசுப் பணத்தோடு ஊரார் பங்கும் சேர்ந்திருந்தது. அப்போது கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தி மக்களைக் கொடுக்க வைத்தார். வயலுக்கும் பள்ளிச் சோற்றுக்கும் அன்றைக்கு நேரடி உறவு இருந்தது. ஆனால் ஊர் கொடுப்பது மழையைப் பொறுத்தது. மழை பொய்த்த ஊரில்தான் பிள்ளைக்குப் பசி அதிகம், அதே ஊரில்தான் கொடுக்கவும் கையில் ஒன்றும் இருக்காது. 1982 ஜூலை 1 அன்று திருச்சி பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு அரசே முழுப் பொறுப்பையும் ஏற்றது. சோறு உறுதியானது. ஊர் வயலோடு இருந்த உறவு அத்தோடு அறுந்தது. அதை மறுபடி முடிச்சுப் போட வேண்டுமென்றால் தானமாகப் போடக்கூடாது, கொள்முதலாகப் போட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரேசில்காரர்கள் இதைச் சட்டமாகவே செய்துவிட்டார்கள். பள்ளி உணவுக்காக மத்திய அரசு அனுப்பும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்தைச் சிறு குடும்ப விவசாயிகளிடம்தான் செலவழிக்க வேண்டும் என்று 2009இல் சட்டம் போட்டார்கள். 2026 முதல் அது 45 சதவீதம். அங்கே பள்ளி உணவு சாப்பிடும் பிள்ளைகள் சுமார் நான்கு கோடி. சதவீதத்தைவிட அவர்கள் வாங்குகிற முறைதான் எனக்குப் பிடித்தது. யார் குறைத்துக் கேட்கிறாரோ அவருக்கு என்ற ஏலம் கிடையாது. நகராட்சி முதலில் உள்ளூர்ச் சந்தை விலையை விசாரித்து, வண்டி வாடகையையும் சேர்த்து, இன்ன காய் இவ்வளவு வேண்டும், இன்ன விலை என்று அறிவிக்கும். அந்த விலைக்குக் கொடுக்க விரும்புகிறவர் மனுப் போடுவார். உள்ளூர்க்காரருக்கு முதலிடம். எந்த மாதம் எந்தக் காய் சமைப்பது என்பதை ஊட்டச்சத்து நிபுணர் ஒருவர் அந்த வட்டாரத்து விளைச்சலைப் பார்த்து எழுதுகிறார். அதனால் விதைக்கும் முன்பே விவசாயிக்குத் தெரியும், யாருக்கு, எத்தனை கிலோ, என்ன விலை என்று. அங்கேயும் எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. 30ஐ எட்ட முடியாத நகராட்சிகள் நிறைய இருந்தன, காகித வேலையும் போக்குவரத்தும் அவர்களையும் படுத்தியது.

நமக்கு அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் விலையை முன்கூட்டியே பேசிவைப்பதற்குச் சட்டம் வேண்டியதில்லை. நம் ஊரில் அதற்கு நல்ல அளவுகோல் ஒன்று இருக்கிறது: உழவர் சந்தை. 1999இல் மதுரையில் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சந்தையிலும் தினமும் காலையில் பலகையில் விலை எழுதுகிறார்கள். போன வருடம் இதே மாதங்களில் பக்கத்து உழவர் சந்தையில் என்ன விலை போனது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அதை வைத்து ஒரு பருவத்துக்கு ஒரு விலை பேசுங்கள். தக்காளி மூன்று ரூபாய்க்குப் போகும் வாரத்திலும் அதே விலை, எண்பதுக்குப் போகும் வாரத்திலும் அதே விலை. வருடக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் இரண்டு பக்கமும் பெரிதாக நட்டம் இருக்காது. சொன்ன விலையிலிருந்து எண்பது ரூபாய் வாரத்தில் நழுவாமல் இருந்தீர்களானால், அமைப்பாளர் உங்களை விட்டு வேறு கடைக்குப் போகமாட்டார்.

இனி சிக்கல் எங்கே இருக்கிறது என்று சொல்கிறேன். அமைப்பாளர் கடையில் காய் மட்டுமா வாங்குகிறார்? கடனும் வாங்குகிறார். மானியம் எல்லா மாதமும் ஒன்றாம் தேதி வந்துவிடாது. நான் வேலை பார்த்தபோது ஒருமுறை மூன்று மாதம் தள்ளிப் போனது. கையில் கிடந்த வளையலை அடகு வைத்துத்தான் அந்த மூன்று மாதமும் குழம்பில் காய் போட்டேன். பெயர் சொல்லாமல் சொல்கிறேன், அந்த அலுவலகத்தில் ஏனென்று கேட்கக்கூட ஆள் இல்லை. மற்றபடி பணம் தாமதமான நேரத்திலெல்லாம் கைகொடுத்தது மளிகைக்கடைக்காரர்தான். "பணம் வந்ததும் குடுங்கக்கா" என்று கொடுத்தார். கடுகு, மிளகாய், புளி, காய் எல்லாவற்றுக்கும் ஒரே பில் போட்டுக் கொடுத்தார். அந்த இடத்துக்கு நீங்கள் வரவேண்டுமென்றால் உங்களாலும் இரண்டு மாதம் பொறுக்க முடிய வேண்டும், கையெழுத்துப் போட்ட பில் கொடுக்க முடிய வேண்டும். தனி விவசாயியால் இது முடியாது. உங்கள் பகுதியில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், அதாவது விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் கம்பெனி, இருந்தால் அதன் மூலம் போங்கள். இல்லாவிட்டால் ஊராட்சி அளவிலான மகளிர் சுயஉதவிக்குழுக் கூட்டமைப்பிடம் பேசுங்கள். அவர்கள் தங்களுக்குள் சுற்றிவிடும் சுழல்நிதியிலிருந்து வாராவாரம் உங்களுக்குக் கொடுத்துவிட்டு, மானியம் வந்ததும் எடுத்துக்கொண்டால் யாரும் அடகுக்கடைக்குப் போகவேண்டாம்.

என்ன போடுவது? மேசையில் உட்கார்ந்து முடிவு செய்யாமல் உணவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். 2013க்குப் பிறகு கலவைச் சாதம் வந்துவிட்டது. ஒரு வாரம் காய்கறி பிரியாணி, தக்காளி சாதம், சாம்பார் சாதம், கறிவேப்பிலை சாதமோ கீரை சாதமோ, அடுத்த வாரம் புளிசாதம், எலுமிச்சை சாதம் என்று மாறிமாறி வரும். கூடவே முட்டைக்கு வெங்காயத் தக்காளி மசாலா. அதனால் வாரத்து 30 கிலோவில் வெங்காயமும் தக்காளியுமே பெரும்பங்கு எடுத்துக்கொள்ளும். மீதிதான் கத்தரி, கேரட், பீன்ஸ், முருங்கை, கீரை. வெள்ளிக்கிழமை உருளைக்கிழங்கு. அது உங்கள் மண்ணில் வராது, விட்டுவிடுங்கள். அதற்குப் பதில் சேனை போடலாமே என்று அமைப்பாளரைக் கேட்காதீர்கள். பட்டியலை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை, மாற்றினால் ஆய்வுக்கு வருகிறவரிடம் பதில் சொல்ல வேண்டியவர் அவர். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் உண்டு. வாழை வைத்திருக்கும் உறவுக்காரர் யாராவது இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விதைப்புப் பட்டமும் பள்ளிக்கூட நாட்களும் ஒத்துப்போகாது, இதைக் கவனமாகப் பாருங்கள். பள்ளி ஜூனில் திறக்கும். ஆடிப்பட்டத்தில் கத்தரி விதைத்தால் நாற்றுவிட்டு நட்டு முதல் பறிப்புக்கு அக்டோபர் ஆகிவிடும். தைப்பட்டத்தில் போட்டாலோ, காய் குலுங்கும் நேரத்தில் மே மாத விடுமுறை வந்துவிடும். ஆக ஜூன் முதல் செப்டம்பர் வரை ஓட்டை. அதை அடைக்கச் சீக்கிரம் வரும் பயிர் வேண்டும். சிறுகீரை 25 நாளில் பறிக்கலாம், வெண்டை 45 நாளில் காய்க்கும். கோடையில் அறுத்த பரங்கியைக் காற்றோட்டமாக உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டால் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும், என் மாமியார் வீட்டில் ஆடி வரைக்கும் தொங்கும். மே மாதக் காய்க்கு மார்க்கெட்டுதான் கதி. அதனால் ஒட்டன்சத்திரத்துக் கமிஷன் கடையோடு உறவை அறுத்துக்கொள்ளாதீர்கள்.

கீரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் பள்ளிக்குக் கீரை கொடுப்போம் என்றுதான் வருவார்கள். 120 பிள்ளைக்கு ஒரு சமையலர், ஒரு உதவியாளர் என்று வையுங்கள். நீங்கள் வேரும் மண்ணுமாக ஆறு கிலோ கீரையை ஒன்பது மணிக்கு இறக்கிவிட்டுப் போனால், அந்த இரண்டு பெண்களும் அரிசி களைவார்களா, முட்டை வேகவைப்பார்களா, கீரை ஆய்வார்களா? எங்கள் சமையலம்மா கட்டைப் பிரித்து, ஒவ்வொரு தண்டாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, புழு அரித்த இலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, மூன்று தண்ணீரில் அலசுவார். கடைசித் தண்ணீரைக் கையில் அள்ளி நரநர என்று மண் படுகிறதா என்று விரலால் தேய்த்துப் பார்ப்பார். அதற்குள் பத்தேகால் ஆகிவிடும். "கீரைன்னாலே கையி நடுங்குதுக்கா" என்பார். ஆகவே வேரை வெட்டி, ஆய்ந்து, ஒருமுறை அலசி, ஈரத்துணி போர்த்திக் காலை ஏழரைக்குள் கொடுங்கள். முருங்கைக்கீரை என்றால் உருவிக் கொடுங்கள். அந்த வேலைக்கு ஊரில் இரண்டு பாட்டிகளுக்குக் கூலி கொடுத்தால்கூடத் தகும். அதையும் விலையில் சேர்த்தே பேசுங்கள்.

மருந்து விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. 2013 ஜூலை 16 அன்று பீகாரில் சாப்ரா பக்கம் கண்டாமன் என்ற கிராமத்தில் பள்ளி மதிய உணவைச் சாப்பிட்டு 23 பிள்ளைகள் இறந்தார்கள். சாப்பாட்டில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ், அப்போது வயலில் அடித்துவந்த பூச்சிமருந்து. அந்தச் செய்தி வந்த மறுநாள் என் கூடத்து எண்ணெய் டின் ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்து பார்த்தேன், கை நடுங்கியது. மருந்து டப்பா ஏறிய வண்டியில் பள்ளிக் காய் ஏறக்கூடாது. மருந்துச் சாக்கு, மருந்து வாளி எதுவும் பள்ளி வாசலுக்கு வரக்கூடாது. தெளித்த பிறகு எத்தனை நாள் கழித்துப் பறிக்கலாம் என்று டப்பாவிலேயே எழுதியிருக்கும். கத்தரியில் காய்த்துளைப்பானுக்கு வாரம் ஒருமுறை அடித்துப் பழகியவர் அந்த நாள் கணக்கைக் காப்பாற்றவே முடியாது. பள்ளிக்கென்று ஒதுக்கும் இருபது சென்டில் ஆண் அந்துப்பூச்சியை வாசனையால் இழுத்துப் பிடிக்கும் இனக்கவர்ச்சிப் பொறி வைத்து, புழு விழுந்த குருத்தைக் கிள்ளி எறிந்து, மருந்தில்லாமல் எடுக்கப் பாருங்கள். சொத்தைக் காயை நீங்களே வீட்டில் கழித்துவிடுங்கள். தெளித்த தேதி, பறித்த தேதி எழுதிய ஒரு நோட்டு இருக்கட்டும், அதைத் தலைமையாசிரியர் எப்போது கேட்டாலும் காட்டுங்கள்.

யாரிடம் அனுமதி வாங்குவது? முதலில் அமைப்பாளர், பிறகு தலைமையாசிரியர். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், அங்கே பேசித் தீர்மானம் எழுதிவிடுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் சத்துணவைப் பார்க்கும் துணை வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஒரு கடிதம். பிள்ளைக்கு ஒரு நாளைக்குக் காய்கறிக்கு இப்போது எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று அங்கேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள், விலை பேசும்போது அந்தத் தொகைக்குள்தான் நிற்க வேண்டும். அடுத்த கிராமசபையில் ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் "இவன் மட்டும் எப்படி?" என்ற பேச்சு வராது. காலை உணவுத் திட்டத்தையும் மறக்காதீர்கள். கிராமங்களில் அதைச் சமைப்பது சுயஉதவிக்குழுப் பெண்கள், அதே பள்ளியில் பிள்ளை படிக்கும் தாய்மார்கள். அங்கே உப்புமாவானாலும் பொங்கலானாலும் காய்கறிச் சாம்பார் உண்டு.

சொல்லிக்கொடுப்பது பற்றிக் கேட்டீர்கள். ஜப்பானில் இதற்கென்று 2005இல் உணவுக்கல்விச் சட்டமே போட்டார்கள். சீபா மாநிலத்து இசுமி என்ற சின்ன ஊரில் 2017 முதல் பள்ளிச் சோறு முழுவதும் உள்ளூர் இயற்கை அரிசி. பல பள்ளிகளில் பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். அவ்வளவு தூரம் போகவேண்டாம், நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். கூடத்து வாசலில் ஒரு பழைய கரும்பலகையை மாட்டி, தினமும் அன்றைய காயின் பெயரையும் அது வந்த தோட்டத்தின் பெயரையும் எழுதினேன். ஒரு நாள் "சுரைக்காய், மேட்டுத் தோட்டம்" என்று எழுதியிருந்தது. வழக்கமாகச் சுரைக்காயைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் அதைப் படித்துவிட்டு, "எங்க தோட்டம்டா!" என்று பக்கத்துப் பையனின் தோளை உலுக்கினான். அன்றைக்கு அந்த வரிசையில் ஒருவன்கூட ஒதுக்கவில்லை. அவன் இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டான். அப்பா விவசாயி என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளைகளைத்தான் அதுவரை நிறையப் பார்த்திருந்தேன்.

பிறகு ஒரு காலையில் பிள்ளைகளை உங்கள் வயலுக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். பூ விட்டிருக்கும் சமயமாக இருந்தால் நல்லது. பிஞ்சு பூவிலிருந்துதான் வருகிறது என்பதைக் கண்ணால் பார்த்த பிள்ளை மறக்காது. கத்தரிக் காம்பின் முள்ளை அவர்களே தொட்டுப் பார்க்கட்டும். அதே காய் பள்ளிக்கு வந்ததும் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தராசில் எடை போட்டு நோட்டில் எழுதட்டும். தலைக்கு 50 கிராம் வருகிறதா என்று வகுத்துப் பார்ப்பதைவிட நல்ல வகுத்தல் கணக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. சாப்பிட்ட பிறகு மிச்சம் விழும் வாளியையும் எடை போடச் சொல்லுங்கள், எந்தக் காயை ஒதுக்குகிறார்கள் என்று உங்களுக்கும் சமையலருக்கும் தெரியும். ஆனால் பிள்ளைகளை அடுப்பருகே விடக்கூடாது, களை எடுக்க வைக்கக்கூடாது. அது படிப்பு ஆகாது, வேலை வாங்குவது ஆகிவிடும்.

பள்ளித் தோட்டம் போடலாமே என்பார்கள். போடலாம், ஆனால் மே மாதத்தில் தண்ணீர் ஊற்ற ஆள் இருக்காது, ஜூனில் வந்து பார்த்தால் காய்ந்த குச்சிதான் நிற்கும். நாங்கள் இரண்டு தடவை அப்படிக் கைசுட்டுக்கொண்ட பிறகு, முருங்கை, கறிவேப்பிலை, பப்பாளி மூன்றையும் கை கழுவும் தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரமாக வைத்தோம். கோடையைத் தாங்கி நின்றன. கறிவேப்பிலைச் சாதத்துக்கு அதன்பிறகு நான் கடையில் கறிவேப்பிலை வாங்கியதே இல்லை.

முதலில் அமைப்பாளரைப் போய்ப் பாருங்கள். காலை பதினொரு மணிக்குப் போகாதீர்கள், உலை கொதிக்கும் நேரம், அப்போது யார் பேச்சும் காதில் ஏறாது. இரண்டரை மணிக்கு மேல், பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்துவிட்டு அவர் பதிவேடு எழுத உட்காரும் நேரத்தில் போங்கள். போன மாதத்துக் காய்கறி பில்லைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். என்ன காய், எத்தனை கிலோ, என்ன விலை எல்லாம் அதில் இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து, பிறகு எதை விதைப்பது என்று யோசியுங்கள்.